பலகை ஒட்ட ஓர் ஆள்

அந்த இரண்டு பலகைகளும் தையல் அறைக்கு வந்து இருபது நாள் ஆகிவிட்டது. பழைய போர்வையைச் சுற்றிக்கொண்டு, கல்யாணம் முடிந்தும் ஊருக்குத் திரும்ப மனமில்லாத சொந்தக்காரர்களைப் போலச் சுவரில் சாய்ந்து நின்றன. தையல்காரிக்கு ஒரு கண் தைக்கிற துணியில் இருந்தால் இன்னொரு கண் அவற்றின் மேலேயே இருக்கும். சரிந்து விழுந்து உடைந்தால் அடுத்த ஜோடி வர ஆறு வாரம் ஆகும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அவளிடம் ஆறு வாரமெல்லாம் இல்லை. பதினோரு நாள்தான் இருந்தது.

பதினோராம் நாள் மருத்துவமனையிலிருந்து நர்ஸ் வந்து குளியலறையைப் பார்ப்பார். சரி என்றால், அங்கே படுத்திருக்கும் அவள் அண்ணன் இந்த வீட்டுக்கு வரலாம். இல்லை என்றால், கட்டிலைக் காலி செய்து அவரை வேறு ஊரில் இருக்கும் பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். தையலை வைத்துக்கொண்டு மாதத்துக்கு ஒரு தடவை போய் வந்தாலே பெரிய விஷயம்.

அண்ணன் லாரி ஓட்டியவர். ஏழு மாதத்துக்கு முன்னால் சரக்கு இறக்கும்போது மேலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே பலம் போய்விட்டது. படுத்தே கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டி, இரண்டு தடவை மூச்சுக்குத் திணறிப் பிழைத்தார். இப்போது தேறி, சக்கர நாற்காலியில் உட்காருகிறார். முன்பு ஒரு தடவை வீட்டைப் பார்க்க வந்த நர்ஸ், குளியலறை டைல்ஸ் இடுக்கில் இருந்த கறுப்பை நகத்தால் சுரண்டிக் காட்டினார். "இது பூசணம். இந்த நுரையீரலுக்கு இது விஷம். இடுக்கே இல்லாத சுவரா மாத்துங்க. அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இடுக்கே இல்லாத சுவர் எங்கே கிடைக்கும் என்று தேடியபோது கிடைத்ததுதான் கல்ச்சர்ட் மார்பிள். கல்தூளையும் பிசினையும் கலந்து அச்சில் ஊற்றிச் செய்த பளிங்கு. முன்பக்கம் வழவழவென்று பாலாடை நிறம், பின்பக்கம் சொரசொரப்பு. குளிக்கிற மூலையின் இரண்டு சுவருக்கும் இரண்டே பலகை. அளவு கொடுத்து வரவழைத்தாயிற்று. "விக்கிறது மட்டும்தாங்க நாங்க. ஒட்டுறதுக்கு ஆள் நீங்கதான் பாத்துக்கணும்" என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். அந்த ஆளைத்தான் காணோம்.

முதலில் வந்தவர் டைல்ஸ் மேஸ்திரி. பழைய டைல்ஸை உடைத்துப் போட்டு, சுவரைப் பூசி மட்டமாக்கும் வரைக்கும் அவர் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. பலகையைக் காட்டியதும்தான் முகம் மாறியது. விரலால் தட்டிப் பார்த்தார். குனிந்து முகர்ந்துகூடப் பார்த்தார்.

"இது கல்லாம்மா, பிளாஸ்டிக்காம்மா?"

"ரெண்டும் கலந்ததுங்க."

"அப்ப ரெண்டும் இல்லைன்னு சொல்லுங்க. சரி, பின்னாடி சிமெண்டை அப்பி நிறுத்திடறேன்."

சிமெண்ட் கூடாது என்று கடைக்காரர் கொடுத்த தாளில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. சுடுதண்ணீர் பட்டால் இந்தப் பலகை மயிரிழை அளவுக்கு விரியும், ஆறினால் சுருங்கும். சிமெண்ட் ஒரு தடவை பிடித்தால் அசையவிடாது. பலகை நடுவில் விரிசல் விட்டுவிடும். ரப்பர் போல இழுத்துக் கொடுக்கிற சிலிக்கான் பசையைத்தான் வைக்க வேண்டும். தையல்காரி தயங்கித் தயங்கி இதைச் சொல்லி முடித்தாள்.

"பசையா? பசை வெச்சு ஒட்ட இது என்ன தபால்தலையா?" என்றார் மேஸ்திரி. "என்னை விட்டுடுங்கம்மா. அதுவும் குழாய் வர்ற இடத்துல ஓட்டை வேற போடணும். அது பிளம்பர் வேலை."

பிளம்பர் வந்தார். உட்கார்ந்து குளிக்கிறவருக்குத் தோதாக, சுவருக்குள் இருந்த இரண்டு பைப்பையும் கீழே இறக்கி வைத்தார். பலகையில் ஓட்டை என்றதும் பையை மூடினார்.

"ஓட்டைக்குள்ள பைப்பை விடறதுதான் என் வேலை. ஓட்டை போடறது ஒட்டறவர் வேலை."

"ஒட்டறவர் அது உங்க வேலைன்னு சொல்றாருங்க."

"அவர் சொல்வார். சொல்றதுக்கு என்ன!"

மூன்றாவது ஆளை அவள் வீட்டுக்காரர் பிடித்துக் கொடுத்தார். அவருக்குப் பார்சல் ஆபீசில் வேலை. போகிற வருகிறவர்களை எல்லாம் பழக்கம் பிடித்து வைத்திருப்பதால் எதற்கெடுத்தாலும் "எனக்கு ஒரு ஆளைத் தெரியும்" என்பார். அந்த ஆள் வந்து சுவரை அளந்தார், உள்ளங்கையில் எழுதிக்கொண்டார், புதன்கிழமை வருகிறேன் என்றார். புதன்கிழமை போன் செய்தால் "வழியிலதான் இருக்கேன்" என்றார். எந்த வழி என்று மட்டும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை போனே எடுக்கவில்லை. உள்ளங்கையைக் கழுவியிருப்பார்.

"பேசாம நானே ஒட்டிடவா?" என்றார் வீட்டுக்காரர், சட்டைக் கையை மடித்துக்கொண்டே.

"நீங்க அடிச்ச ஆணியில மாட்டின காலண்டரே ரெண்டு தடவை விழுந்துடுச்சு" என்றாள் அவள். வெளியாரிடம் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள், அவரிடம் மட்டும் வட்டியும் முதலுமாகப் பேசிவிடுவாள்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அண்ணன் சன்னல் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். படுத்தே கிடந்து இறுகிய தோள்கள் இன்னும் முழுசாகத் திரும்பாது. யாராவது கூப்பிட்டால் உடம்பைத் திருப்ப முடியாமல் நாற்காலியோடு திரும்புவார்.

"ஆள் கிடைச்சாரா குட்டி?"

"கிடைச்சுடுவார் அண்ணா."

"கிடைக்கலைன்னா விடு. அந்த இல்லத்துல தோட்டமெல்லாம் இருக்காம். வார்டு பையன் சொன்னான். ரோஜாச் செடிகூட இருக்காம்."

ரோஜாவுக்கும் அண்ணனுக்கும் என்ன சம்பந்தம்? லாரிக்குள் சாமி படத்துக்குக்கூடப் பிளாஸ்டிக் பூ வைத்திருந்த மனுஷர். தனக்குப் பிடித்த இடம் மாதிரி அதைப் பேச அவர் படுகிற பாட்டை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "எனக்குத் தோட்டம் பிடிக்காது, நான் வந்து பாக்க மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். இன்னும் ஆறு நாள் இருந்தது.

மறுநாள் காலை நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனபோது முடிதிருத்தும் கடை வாசலில் கால் தானாக நின்றுவிட்டது. உள்ளே ஒருத்தர் ஆள் உயரத்துக்கு மேல் இருந்த கண்ணாடியைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். பத்து விரலில் ஆறில் பிளாஸ்திரி. சுவரில் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். குழல் துப்பாக்கியால் சாண் தூரத்துக்கு ஒரு கொத்தாகப் பசையை வைத்தார். ரப்பர் பிடியால் கண்ணாடியைத் தூக்கிக் கீழ் விளிம்பை முதலில் உட்கார வைத்து, பிறகு மெல்ல மேலே சாய்த்து, தூங்குகிற குழந்தையைத் தட்டிக் கொடுப்பது போல உள்ளங்கையால் தட்டித் தட்டி ஒட்டினார்.

சிலிக்கான் பசையேதான். பெரிய பலகை, உடையக்கூடிய சாமான், சுவர். வேறு என்ன வேண்டும்?

உள்ளே போய்க் கேட்க வேண்டும். அங்கேதான் சிக்கல். கடை முழுக்க ஆம்பளைகள். அவள் தெருக்கோடி வரை நடந்து திரும்பி வந்தாள். மறுபடி போனாள். மூன்றாவது தடவை வாசலைக் கடக்கும்போது கண்ணாடிக்காரர் கண்ணாடிக்குள்ளிருந்தே அவளைப் பார்த்தார்.

"என்னம்மா, மூணு தடவை போய்ட்டு வந்துட்டீங்க? முடி வெட்டணுமா, இல்ல முகம் பாக்கணுமா?"

கடையே சிரித்தது. அவளுக்குக் காது சூடாகியது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டியிருந்ததால் வாய் திறந்துகொண்டது.

"குளிக்கிற எடத்துல பலகை ஒட்டணும் அண்ணே. கல்லு மாதிரி இருக்கும், கல்லு இல்ல. ரெண்டு பலகை. யாரும் வர மாட்டேங்கறாங்க. எங்க அண்ணனை வேற ஊருக்கு அனுப்பிடுவாங்க."

ஒன்றுக்கொன்று ஒட்டாமல்தான் சொன்னாள். அவர் பசைத் துப்பாக்கியைக் கீழே வைத்தார். சிரிப்பு போய்விட்டது. "இருங்க. இந்த ஓரத்தை முடிச்சுட்டு வரேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து போர்வையை விலக்கினார். முன்பக்கத்தைத் தடவினார், பின்பக்கத்தைத் தடவினார், விளிம்பில் கண்ணை வைத்து வளைவு இருக்கிறதா என்று பார்த்தார்.

"பொய் சொல்ல மாட்டேம்மா. இந்தச் சாமானை நான் தொட்டதே இல்லை. முப்பது வருஷமா கண்ணாடி மட்டும்தான். ஆனா சுவரும் பசையும் எனக்குத் தெரியும். சம்மதம்னா நாளைக்கே ஆரம்பிக்கலாம்."

தெரியாது என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். அதுவே அவளுக்குத் தெம்பாக இருந்தது.

மறுநாள் பின்சுவர்ப் பலகையை ஒட்டினார்கள். அதில் ஓட்டை எதுவும் தேவையில்லை. வீட்டுக்காரர் ஒரு பக்கம் பிடிக்க, கண்ணாடிக்காரர் மறுபக்கம் பிடிக்க, "மெதுவா, மெதுவா" என்று தையல்காரி நடுவில் மூச்சைப் பிடிக்க, பலகை சுவரோடு சுவராகப் போய் உட்கார்ந்தது. ஒட்டும் நாடாவை நாலு மூலையிலும் இழுத்து ஒட்டிவிட்டுக் கண்ணாடிக்காரர் தட்டிப் பார்த்தார். ஓரிடத்திலும் உள்ளே காலி என்று காட்டுகிற சத்தம் கேட்கவில்லை. "நாளைக்கு இடது சுவர். அதுல ரெண்டு ஓட்டை. அதோட முடிஞ்சுது" என்றார்.

மறுநாள் வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டார். கண்ணாடிக்காரர் இடது சுவரை அளந்தார். வெந்நீர் பைப்பும் தண்ணீர் பைப்பும் மூலையை ஒட்டி உள்பக்கமாக இருந்தன. எதிரே நின்று பார்த்தால் சுவரின் வலது ஓரத்திலிருந்து இருபது சென்டிமீட்டர், தரையிலிருந்து எழுபது. அளவைச் சின்னத் துண்டுத்தாளில் எழுதிக்கொண்டார். துணி வெட்டுகிற பெரிய மேஜையில் போர்வையை விரித்து, பளபளப்பில் கீறல் விழக்கூடாது என்று பலகையைக் குப்புறப் போட்டார்கள். பென்சில் கோடும் சொரசொரப்பில்தான் நிற்கும்.

"மெஷின் ஓடும்போது மட்டும் பேசாதீங்கம்மா. ஒருத்தர் பேசித்தான் இந்த விரல் நுனி போச்சு" என்று சுண்டுவிரலைக் காட்டினார். "நீங்க அந்த முனையை அழுத்திப் பிடிச்சுக்கங்க."

அவள் பிடித்துக்கொண்டாள். அவர் தாளைப் பார்த்து வலது ஓரத்திலிருந்து இருபது அளந்து கோடு போட்டார்.

அந்தக் கோட்டைப் பார்த்ததும் அவளுக்கு ஏதோ இடறியது. துணியைக் குப்புறப் போட்டு வெட்டினால் இடது கை வலது கையாகிவிடும். தொழில் பழகிய முதல் மாதம் இரண்டு இடது கை வைத்து ஒரு சட்டை தைத்து, போட்டுப் பார்க்க வந்த மனிதரை ஒரு பக்கமாகத் திரும்பி நடக்க வைத்தவள் அவள். குப்புறக் கிடக்கும் பலகையில் வலது என்றால், நிமிர்த்தினால் இடதாயிற்றே?

கேட்கலாமா என்று பார்த்தாள். முப்பது வருஷம் வேலை பார்த்தவர். இதுகூடவா தெரியாமல் இருக்கும்? கல்லுக்கு வேறு கணக்கோ என்னவோ. அவள் வாயெடுப்பதற்குள் மெஷின் சத்தம் கிளம்பிவிட்டது. வெள்ளைப் புழுதி பறந்தது. முதல் வட்டம் கழன்று விழுந்தது. இரண்டாவது வட்டமும் விழுந்தது.

நிமிர்த்திக் கொண்டுபோய்ச் சுவரில் வைத்துப் பார்த்தார்கள். பைப் இரண்டும் உள்மூலையில் இருந்தன. ஓட்டை இரண்டும் வாசல் பக்கமாகத் திறந்த ஓரத்தில் இருந்தன.

கண்ணாடிக்காரர் பலகையைப் பத்திரமாகக் கீழே இறக்கிவைத்தார். பிறகு ஈரமில்லாத தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ரசம் பூசாத வெறும் கண்ணாடிக்கு முன்னாடி பின்னாடி கிடையாது" என்றார், சுவரிடம் பேசுவது போல. "ஓட்டை மாறிப் போச்சுன்னா திருப்பிப் போட்டா முடிஞ்சுது. முப்பது வருஷம் திருப்பிப் போட்டே பழகிட்டேன். இதைத் திருப்பினா சொரசொரப்பு வெளிய வரும்."

"தலைகீழா நிறுத்தினா?"

"அப்ப ஓட்டை அந்த மூலைக்கு வரும். ஆனா ரெண்டு மடங்கு உயரத்துல நிக்கும். உக்காந்து குளிக்கிறவர் எப்படி எட்டுவார்?" தலையைக் குனிந்துகொண்டார். "என் தப்பும்மா. நான் கடைக்காரர்கிட்டப் பேசறேன். வேற பலகை எப்ப வரும்?"

"ஆறு வாரம்" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஒரு மனிதர் தரையில் உட்கார்ந்து முழுப் பழியையும் தன் தலையில் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. "எனக்குத் தெரிஞ்சுது அண்ணே. நீங்க கோடு போடும்போதே தெரிஞ்சுது."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தெரிஞ்சுமா சொல்லல?"

"நீங்க பேசக்கூடாதுன்னீங்க."

"அட, மெஷின் ஓடும்போதும்மா! கோடு போடும்போது ஊரே கூடிப் பேசலாமே!"

கோபமாகத்தான் ஆரம்பித்தார். பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு அழுகைதான் வந்தது. அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு இரண்டும் நின்றுபோய் இருவரும் அந்த இரண்டு ஓட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்க தொழில்ல தப்பா வெட்டிட்டா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டதுதான்.

"துணி மீந்திருந்தா மறுபடி வெட்டுவேன். மீதி இல்லைன்னா, வெட்டின எடத்துல ஒரு பாக்கெட்டு வெச்சுடுவேன். போட்டுக்கறவங்க, நல்லா இருக்கே, இங்க பாக்கெட்டு வேணும்னு எப்படித் தோணிச்சுன்னு கேப்பாங்க."

சொல்லிவிட்டு அவளே நின்றாள். பிறகு விடுவிடுவென்று போய்த் தையல் இயந்திரத்துக்கு முன்னால் இருந்த முக்காலியைத் தூக்கி வந்தாள். குளிக்கிற மூலையில் போட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். உள்ளே திருப்ப இடம் இல்லாததால் அண்ணனின் நாற்காலி அப்படித்தான் வர முடியும். பின்னால் இழுத்து வந்து நிறுத்த வேண்டும், முகம் வாசலைப் பார்த்து இருக்கும். அண்ணனைப் போலத் தோளை விறைத்துக்கொண்டாள். உடம்பைத் திருப்பாமல் கையை மட்டும் நீட்டினாள்.

பழைய பைப் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. எட்டவே எட்டாது.

"அண்ணே, அந்தப் பலகையைக் கொஞ்சம் சுவர்ல வைங்க."

வைத்தார். முன்னால் நீட்டிய கை நேராக இரண்டு ஓட்டைக்கும் நடுவில் போய் நின்றது.

"இங்கதான் அண்ணே குழாய் வேணும்! நாங்க யாருமே யோசிக்கல. பிளம்பரும் உயரத்தைத்தான் பாத்தாரு. அண்ணனுக்கு உடம்பு திரும்பாது. பின்னாடி இருந்தா ஒவ்வொரு தடவையும் நான்தான் வந்து திறந்து விடணும். பலகையை மாத்த வேண்டாம். பைப்பை மாத்திடலாம்."

கண்ணாடிக்காரர் பலகையைப் பிடித்தபடியே எட்டிப் பார்த்தார். அவள் கையைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார்.

"பிளம்பரைக் கூப்பிடும்மா" என்றார்.

வேறு நாளாக இருந்தால் வீட்டுக்காரரை விட்டுப் பேசச் சொல்லியிருப்பாள். இன்னும் மூன்றே நாள் இருந்தது. போனை எடுத்தாள். விஷயத்தைக் கேட்டதும் பிளம்பர் இடி இடியென்று சிரித்தது கண்ணாடிக்காரருக்கே கேட்டது.

"பைப் இருக்கற எடத்துல ஓட்டை போடுவாங்க. நீங்க ஓட்டையைப் போட்டுட்டு அதுக்குப் பைப் தேடறீங்களா? நான் வெளியூர் வேலைக்குப் போறேம்மா. அடுத்த வாரம் பாப்போம்."

"அடுத்த வாரம் வேண்டாம்" என்றாள். "நாளைக்கு வாங்க. வந்து அந்த முக்காலியில ஒரே ஒரு நிமிஷம் உக்காருங்க. உக்காந்து கையை நீட்டிப் பாருங்க. அப்பவும் சிரிப்பு வந்துச்சுன்னா நீங்க வெளியூர் போகலாம்."

"சரி, சிரிக்கறதுக்காவது வரேன்" என்றார் பிளம்பர்.

வந்தார். முக்காலியில் உட்கார வைத்தார்கள். "உடம்பைத் திருப்பக் கூடாது" என்று கண்ணாடிக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டார். பிளம்பர் பழைய பைப்பைத் தொடப் பார்த்து, முடியாமல், இருமுவது போல ஒரு சத்தம் போட்டார். "இதை யாரும் எங்கிட்ட முன்னாடி சொல்லலையே" என்று முனகிக்கொண்டே பையைத் திறந்தார். சுவரில் ஒரு கோடு இழுத்து வெட்டி, இரண்டு பைப்பையும் வாசல் பக்கம் கொண்டுவந்து, தண்ணீர் விட்டுக் கசிவு இல்லை என்று பார்த்த பிறகே போனார். வெட்டிய கோட்டைப் பூசுவதற்கு மேஸ்திரியும் வந்தார். பின்சுவரில் ஒட்டியிருந்த பலகையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "பசைதான் வெச்சீங்களா?" என்று மூன்று தடவை கேட்டார்.

பூச்சு காய ஒரு நாள் பிடித்தது. காய்ந்ததும் இடது பலகையை ஒட்டினார்கள். பைப் இரண்டும் ஓட்டைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தன. மெஷின் கடித்ததில் ஓட்டை விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. குழாயின் வட்டத் தகடு அதில் முக்கால்வாசியைத்தான் மறைத்தது. மீதி நகக்கண் அளவுக்குத் தெரிந்தது. கண்ணாடிக்காரருக்கு அது பொறுக்கவில்லை. வெள்ளைப் பசையைத் தொட்டு வைத்து, தள்ளி நின்று பார்த்து, மறுபடி கிட்டே வந்து பார்த்தார். இரண்டு பலகையும் சேர்கிற மூலையில் பசையைப் பிழிந்து சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் ஒரே இழுப்பாக இழுத்தார். அந்த ஒரு கோடுதான் அந்தச் சுவரில் இருந்த ஒரே இடுக்கு.

"நாளைக்கு அந்தம்மா வரும்போது நானும் வந்து நிக்கட்டுமா?" என்று கேட்டார்.

"எதுக்கு அண்ணே?"

"தப்பு என்னோடதுன்னு சொல்ல ஆள் வேணாமா?"

நர்ஸ் காலை பத்து மணிக்கு வந்தார். கண்டிப்பான முகம். மூலைக் கோட்டில் நகத்தை வைத்து மேலிருந்து கீழ்வரை ஓட்டினார். சுவரில் உள்ளங்கையை வைத்தார். கையோடு கொண்டுவந்த சக்கர நாற்காலியை விரித்துப் பின்னால் இழுத்துக்கொண்டு உள்ளே போய், தானே அதில் உட்கார்ந்தார். வாசலில் தையல்காரியும் வீட்டுக்காரரும் கண்ணாடிக்காரரும் ஒருத்தர் தோளுக்கு மேல் ஒருத்தராக நின்று பார்த்தார்கள்.

நர்ஸ் கையை நீட்டினார். குழாய் கையில் வந்தது. திறந்தார், மூடினார்.

"குழாயை இங்க வெக்கணும்னு யார் சொன்னது?"

கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமினார். அதற்குள் தையல்காரி பேசிவிட்டாள். "ஓட்டை தப்பா விழுந்துடுச்சுங்க. அப்புறம் உக்காந்து பாத்தோம். இதுதான் சரியா இருந்துச்சு."

நர்ஸ் ஒரு வினாடி அவளையே பார்த்தார். உதட்டோரம் மட்டும் அசைந்தது. "நாங்க போற வீட்ல எல்லாம் எல்லாத்தையும் பாத்துடுவாங்க. இப்படி உக்காந்து மட்டும் பாக்கவே மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தார். வாசல்படி அருகில் வந்ததும் நின்றார். குனிந்து விரலை வைத்து அளந்தார்.

"இந்தப் படி ரெண்டு விரல் உயரம் இருக்கு. சக்கரம் ஏறாது."

தையல்காரி குனிந்து பார்த்தாள். இத்தனை நாளாகச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்ததில் காலடியைப் பார்க்கவில்லை.

"சரிவா ஒரு மரப்பலகை போட்டுடுங்க" என்றார் நர்ஸ், தாளில் எழுதிக்கொண்டே. "அதுக்காக எல்லாம் ஆளை நிறுத்தி வெக்க மாட்டேன். சனிக்கிழமை கூட்டிட்டு வரலாம்."

"மரப்பலகைக்கு எனக்கு ஒரு ஆளை..." என்று வீட்டுக்காரர் ஆரம்பித்தார். தையல்காரியும் கண்ணாடிக்காரரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டு, சாயங்காலம் தானே ஒரு பலகையை வாங்கி வந்து இழைத்தார். கொஞ்சம் ஆடியது. அடியில் ரப்பர் வைத்ததும் நின்றுவிட்டது.

சனிக்கிழமை மதியம் அண்ணன் வந்தார். வந்ததும் ஒவ்வொரு அறையாகச் சக்கரத்தை உருட்டிப் பார்த்தார். குளியலறை வாசலில் வந்து நின்றார். பாலாடை நிறச் சுவரில் சன்னல் வெளிச்சம் விழுந்திருந்தது.

"என்ன குட்டி இது, ஓட்டல் மாதிரி பண்ணி வெச்சிருக்க!"

"உள்ள போய்ப் பாருங்க அண்ணா. நான் வந்து தண்ணி விடட்டுமா?"

அண்ணன் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே நாற்காலியைத் திருப்பிப் பின்னால் நகர்ந்து உள்ளே போனார். வீட்டுக்காரர் உதவிக்குப் போய்க் குளிக்கிற நாற்காலிக்கு மாற்றி உட்கார வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார். தையல்காரி போய் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். மிதிக்கவில்லை. காது முழுக்க அந்தப் பக்கம் இருந்தது.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு குழாய் ஒரு தடவை கிறீச்சிட்டது. தண்ணீர் விழுகிற சத்தம் வந்தது. கொஞ்சம் குறைந்தது, மறுபடி கூடியது. உள்ளே அண்ணன் வெந்நீரையும் தண்ணீரையும் தன் கையாலேயே கூட்டிக் குறைத்துப் பதம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கால் மணி ஆகியது. அரை மணியும் ஆகியது.

"தண்ணித் தொட்டி காலியாயிடப் போகுது. ஒரு குரல் கொடு" என்றார் வீட்டுக்காரர்.

"ஏழு மாசம் யாரோ ஊத்தித்தான் குளிச்சார்" என்றாள் அவள். "விடுங்க, ஓடட்டும்."

நூலை ஊசியில் கோத்து, இயந்திரத்தை மிதிக்க ஆரம்பித்தாள்.